செருக்கும் சுருதியும்: திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் கலை ஆளுமை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

தமிழில் இசைவாணரைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் சம்பவக் கோவைகளாகவே அமைந்துவிடுகின்றன. இன்ன ஜமீன்தார் பொற்பதக்கம் அணிவித்தார், இன்ன கல்யாணத்திலே வித்துவான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், இன்ன இராகத்தை விடியும்வரை வாசித்தார் என்றவாறு கதைகள் தொடரும். இவை சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு கலைஞனின் வாழ்க்கைக்கும் அவனது கலைக்கும் இடையேயுள்ள உறவை இவை விளக்குவதில்லை. மறைத்துவிடுகின்றன என்று கூறுதலும் பொருந்தும். வாழ்வு ஒருபுறமும் இசை மறுபுறமுமாக நிற்க, 'மேதை' என்னும் சொல் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பிவிடுகிறது. அந்தச் சொல் வந்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது.

இத்தகைய கதைகளுக்கு மிக அதிகமாக இடங்கொடுத்தவர் நாதஸ்வரக் கலைஞர் டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவரைப் பற்றிப் பேசுவோர் இரண்டு விடயங்களைத் தவறாது கூறுவர். ஒன்று, அவரது தோடி. மற்றது, அவரது செருக்கு. தோடியை வியப்பர்; செருக்கைப் பெரிய மனிதரின் சிறிய குறையாகப் பொறுத்துக்கொள்வர். இவ்விரண்டும் ஒரே சமூக அனுபவத்தின் இருவேறு வெளிப்பாடுகள் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மன்னித்தல் என்பது அந்த அனுபவத்தையே காணாது விடுவதாகும்.

முதலில், நாதஸ்வரக்காரன் நின்ற இடத்தை நோக்குவோம். நின்ற இடம் என்று நாம் கூறுவது உருவகமன்று. தஞ்சைக் காவிரிப்படுகையின் நிலவுடைமை அமைப்பிலே கோயிலும் மடமும் வெறும் வழிபாட்டிடங்களல்ல. அவை பெரும் நிலவுடைமையாளர்கள். 'பெரிய மேளம்' எனப்பட்ட நாதஸ்வர, தவிற் குழுவினர் அக்கோயிலின் ஊழியர்கள். மானிய நிலமோ படியளப்போ பெற்று, பூசைக்கும் புறப்பாட்டுக்கும் வாசிப்பது அவர்தம் கடமை. எந்நேரத்தில் எவ்வுருப்படி, எவ்வீதியில் எவ்விராகம் என்பன மரபினால் வரையறுக்கப்பட்டிருந்தன. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்கப்படும். பின்னர் வீதி மூலைகளில் எழுந்தருளி நிற்குந்தோறும் இராகம் விரியும். பல்லக்கு நகர்ந்தால் இராகமும் நகர வேண்டும். நாதஸ்வரக் கலையின் மிகப் பெரிய செல்வமாகிய நீண்ட இராக ஆலாபனை, இரவு முழுவதும் ஊர்ந்த இப்புறப்பாடுகளின் விளைவேயாகும். ஊழியமே கலையை வளர்த்தது. அதே ஊழியம் கலைஞனைக் குனிய வைத்தது. இந்த முரண்பாட்டை மனத்திற் கொள்ளாமல் அக்கலையின் வரலாற்றை எழுத முடியாது.

குனிய வைத்தது என்பதும் உருவகமன்று. மிராசுதார் முன்னிலையிலும் மடாதிபதி முன்னிலையிலும் மேளக்காரர் மேலுடம்பை மறைத்தலாகாது. தோளிலிருக்க வேண்டிய துண்டு இடுப்பிலிருக்க வேண்டும். நின்றோ நடந்தோ வாசித்தல் வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவான் அமரும் மேடையில் அமர்தல் கூடாது. பிராமண மிருதங்க வித்துவான் தவிற்காரனோடு சேர்ந்து உட்காரத் தயங்கிய காலம் அது. தோளிற் கிடக்கும் துண்டு சமூக வரலாற்று ஆவணமாகக் கொள்ளத்தக்கது. 1925 இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் மேளக்காரரின் துண்டை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டமை தற்செயலானதன்று.

இச்சூழலிலேதான், 1898 ஆகஸ்ட் 27 இல், நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில், பின்னர் 'இசை வேளாளர்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட சமூகத்திலே பாலசுப்பிரமணியன் என்னும் பிள்ளை பிறந்தது. தாய்மாமன் நடேச பிள்ளை அதனைத் தம் பிள்ளையாக வளர்த்தார். 'இராஜரத்தினம்' என்ற பெயர் திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் வந்து சேர்ந்தது. அவரது முழுப்பெயரைச் சற்று நின்று படித்தால், ஊர் மடத்தினுடையது, தலைப்பெழுத்து மாமனுடையது, பெயர் மடத்தார் சூட்டியது. தமக்கென அவரிடம் எஞ்சியது வாசிப்பு மாத்திரமே.

தமிழிலக்கிய மாணவருக்குத் திருவாவடுதுறை புதிய பெயரன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) அம்மடத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். ஊரூராகச் சென்று, கேட்டவர்க்கெல்லாம் தலபுராணமும் பிரபந்தமும் பாடிக்கொடுத்து, எனினும் கடனிலிருந்து மீளாத அவரது வாழ்வை உ. வே. சாமிநாதையர் விரிவாக எழுதியுள்ளார். மடம் கலைஞனைப் பட்டினியிலிருந்து காக்கும். அவனை அவனுக்கே உரியவனாக்காது. மகாவித்துவானுக்கும் நாதஸ்வர வித்துவானுக்கும் இவ்வகையில் ஒற்றுமையுண்டு. வேற்றுமை யாதெனில், புலவருக்கு மடத்தில் அமர இடமிருந்தது.

இராஜரத்தினத்தின் பயிற்சியில் ஓர் அமிசம் சிறப்பாகக் குறிப்பிடற்பாலது. அவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாட்டுப் பயின்ற பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலானோரிடம் குழலைக் கையிலெடுத்தார். வாய்ப்பாட்டாளன் ஆவதற்குரிய பயிற்சியோடு நாதஸ்வரக்காரனாக நிற்க நேர்ந்தவர் அவர். தாம் அறிந்த இசை எவ்விடத்திற்கு உரியதாகக் கருதப்பட்டதோ, அவ்விடத்தில் தம் வாத்தியத்துக்கு இருக்கையில்லை என்பது அவருக்கு இளமையிலேயே தெரிந்திருக்கும். இந்த முரணே அவரது பிற்கால நடவடிக்கைகள் யாவற்றுக்கும் வித்து என்பது எமது கருத்து.

இனி, அவரது இளமைக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட காலத்தில் இசையின் பொருளாதார அடித்தளம் மாறிற்று. மடமும் மிராசும் வழங்கிய ஆதரவு தளர, சென்னை நகரத்துச் சபாக்கள் தலையெடுத்தன. 1928 இல் சென்னை மியூசிக் அக்கடமி நிறுவப்பட்டது. கிராமபோன் இசைத்தட்டு வந்தது, 1938 இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது, பேசும்படம் வந்தது. இராஜரத்தினம் 1940 இல் வெளியான 'கவி காளமேகம்' படத்தில் காளமேகமாகவே நடித்தார். இங்கெல்லாம் இசை சரக்காகிறது. சரக்காதல் இழிவு என்று மட்டும் கூறிவிட்டுப் போவது எளிது. ஆயின் நிலவுடைமை உறவில் அடிமைப்பட்டவனுக்குச் சந்தை ஒரு சுவாசவெளியாகவும் தோன்றும். இசைத்தட்டிலே வாசிப்பவன் நிற்கிறானா, இருக்கிறானா, துண்டு எங்கே கிடக்கிறது என்று கேட்போன் அறியான். நாதம் முதன்முறையாக உடலின் சாதி அடையாளத்திலிருந்து பிரிந்து வீடுகளுக்குட் சென்றது. இந்த அனுபவத்தை முழுமையாக உணர்ந்து, அதன் வலிமையை மீண்டும் கல்யாணப் பந்தலுக்கும் கோயில் வீதிக்கும் கொண்டுவந்தவர் இராஜரத்தினம்.

அவர் செய்தவை யாவரும் அறிந்தவையே. குடுமியைக் களைந்து தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார். வெற்றுடம்புக்குப் பதிலாக நீண்ட அங்கி அணிந்தார். மேடை போடச் செய்து அதில் அமர்ந்து வாசித்தார். ஒத்து நாயனத்தை நீக்கித் தம்புராவைச் சுருதிக்கு வைத்தார். உயர்ந்த சன்மானம் கேட்டார், கேட்டதைப் பெற்றார். மதிப்புக் குறைந்ததாகத் தோன்றிய இடத்தில் வாசிக்க மறுத்தார். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால் ஒரு தனிமனிதனின் வீம்பு எனலாம். ஒருங்கே நோக்கினால், மேளக்காரன்மீது விதிக்கப்பட்டிருந்த தடைகளின் பட்டியலும் இவரது 'செருக்கின்' பட்டியலும் ஒன்றையொன்று வரிக்கு வரி மறுப்பவை என்பது புலனாகும். பணிவு சட்டமாக இருந்த இடத்திலே தன்மதிப்பு செருக்காகவே காட்சியளிக்கும். சமூகத்தின் மேற்படியிலிருந்த வித்துவான்களிடமும் கர்வம் நிறைய இருந்தது. அது 'வித்துவ கம்பீரம்' என்று பெயர் பெற்றது.

இனி வாசிப்பு. நடத்தை சமூக அனுபவத்தைக் காட்டும் என்பதை எவரும் ஒப்புவர். நாதம் காட்டுமா என்பதே வினா.

பழைய நாதஸ்வரம் 'திமிரி' எனப்படும் குட்டையான வாத்தியம். நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் திறந்த வெளியிலே ஊர் முழுதும் கேட்க ஒலிப்பது. இறைவன் வருகிறான் என அறிவிப்பதே அதன் தொழில். அதிலே சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசாது. வித்துவான் தன் மூச்சினாலும் உதட்டினாலும் சீவாளியை அடக்கி அதனை வரவழைத்தல் வேண்டும். இராஜரத்தினம் நாடியது சுருதி தாழ்ந்த, நீளங்கூடிய, சுத்த மத்திமம் இயல்பாக ஒலிக்கும் 'பாரி' நாதஸ்வரத்தை. அதனை அவருக்குச் செய்துகொடுத்தவர் திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி. பாரி தாழ்ந்த சுருதியினது. ஏறத்தாழ வாய்ப்பாட்டாளனின் குரலுக்கு அண்மையது. மண்டபத்துள்ளே, ஒலிவாங்கிக்கு முன்னே, அமர்ந்திருக்கும் இரசிகருக்கு வாசிப்பதற்கு ஏற்றது. இளமையிற் கற்ற பாட்டு, நகரத்துச் சபா, வானொலி ஆகிய மூன்றும் ஒரு மரக்குழலின் நீளத்திலும் துளைகளின் இடைவெளியிலும் வந்து சந்தித்தன. ஒரு கலைஞனின் வாழ்வனுபவம் அவன் கருவியின் அளவையே மாற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பாரி நாயனத்தின் கதையைச் சொல்வோர் வித்துவானின் பெயரைச் சொல்லி, ஆசாரியின் பெயரைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாக்கிவிடுவர். ஆச்சா மரத்தைக் கடைந்து, துளையிட்டு, ஊதிப்பார்த்து, மீண்டும் இழைத்த அந்தக் கையுழைப்பு இல்லையேல் வித்துவானின் விருப்பம் விருப்பமாகவே இருந்திருக்கும். கலை வரலாற்றில் உழைப்பாளி மறைக்கப்படுவதை மேளக்காரர் வரலாற்றுக்குள்ளேயே நாம் காண்கின்றோம்.

தோடி சுத்த மத்திமத்தை உடைய இராகம் என்பதை இத்துடன் பொருத்திப் பார்க்கலாம். தோடியால் அவர் பெற்ற புகழ் பாரிக்கு முந்தியது. எனவே வாத்தியத்தால் தோடி பிறந்தது என்று கூறுவதற்கில்லை. மாறாக, திமிரியிற் போராடிப் பெற்ற சுரம் ஒன்று அவரது இரசனையின் மையத்தில் இருந்தது என்றும், அதற்கு இயல்பான உறைவிடத்தை அவர் தேடினார் என்றும் கொள்ளலாம். அவர் தோடியைக் கையாண்ட முறையிலும் ஒரு செய்தி உண்டு. புறப்பாட்டில் பல்லக்கின் நடைக்கு ஏற்ப விரிந்தும் சுருங்கியும் வந்த இராகத்தை, அவர் பல்லக்கிலிருந்து விடுவித்தார். எங்கே தொடங்குவது, எத்துணை நேரம் ஒரு சுரத்தில் நிற்பது, எப்பொழுது மின்னலெனப் பிருகாக்களை வீசுவது என்பவற்றைத் தீர்மானிப்பது இப்பொழுது சடங்கன்று, வாசிப்பவனின் சிந்தனை. நேரம் கலைஞனுக்குச் சொந்தமாயிற்று. அவரது இசைத்தட்டுகளைக் கேட்பவர் அந்த அவசரமின்மையையும், திடீரென எழும் பாய்ச்சலையும் ஒருசேர உணரலாம். மேடையிற் கோரிய இருக்கை ஆலாபனையில் இவ்வாறு வடிவம் பெற்றது. ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற வாய்ப்பாட்டுக் கலைஞர் அவரது பிருகாக்களைத் தம் குரலிற் கொணர முயன்றனர். மேடையிற் சமாசனம் மறுக்கப்பட்ட வாத்தியம் மேடைப்பாட்டுக்கு இலக்கணம் வகுத்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதே சமூகத்தில், அதே இழிவை அனுபவித்தோர் பலர் இருந்தனர்; அவர்கள் ஏன் இராஜரத்தினம் ஆகவில்லை? நியாயமான வினாவே. சமூக நிலைமை ஒரு கலைஞனை வார்ப்படமாக வார்த்துவிடுகிறது என்பது மார்க்சியமன்று, அதன் கேலிச்சித்திரம். பொருளாதாரமே ஒரே காரணி என்று கூறுவோரை ஏங்கெல்ஸ் 1890 இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்தில் மறுத்துள்ளமையை நாம் மறத்தலாகாது. நிலைமைகள் வினாவை எழுப்புகின்றன; விடை கலைஞனுடையது. அவருடைய முதன்மையான மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) இதற்கு நல்ல உதாரணம். குருவின் வழியிலே பாரியை வாசித்து, 1962 இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தின் மூலம் நாதஸ்வரத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கேட்கச் செய்தவர் அவர். அவரிடம் குருவின் சீற்றம் இல்லை. குரு சண்டையிட்டுப் பெற்ற மேடையில் மாணவர் அமைதியாக அமர முடிந்தது. மற்றொரு விடையும் அச்சமூகத்திலிருந்து வந்தது. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, 1940 இல் நடந்த திருமணத்தின் பின் உயர்சாதி இல்லறத்தின் தோற்றத்தையும் ஒழுக்கத்தையும் முழுமையாக ஏற்று நாடறிந்த இடத்தை அடைந்தார். பெண்ணுக்குத் திறந்திருந்த வழி அது ஒன்றாகவே இருந்தது போலும். ஏற்றலும் மறுத்தலும் ஒரே வினாவுக்கான இருவேறு விடைகள்.

இராஜரத்தினத்தின் விடையில் இருந்த குறைபாட்டையும் பேசுதல் வேண்டும். அவர் நாதஸ்வரத்துக்குக் கோரிய மதிப்பு எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது? தம்புரா, மேடை, அமர்ந்திருத்தல், வாய்ப்பாட்டை ஒத்த சுருதி யாவும் பிராமண மத்தியதர வர்க்கத்தின் கச்சேரி மரபுக்குரியவை. மேளத்தின் மதிப்பை அதன் எதிராளியின் அடையாளங்களால் நிலைநாட்ட வேண்டியிருந்தது. தம்புரா வந்தபோது ஒத்துக்காரன் இறங்கினான். கன்னம் உப்ப இரவெல்லாம் ஒரே சுரத்தை ஊதி நின்ற அவனே குழுவில் மிகக் குறைந்த பங்கு பெற்றவன். அவனை எவரும் மேடைக்கு அழைக்கவில்லை. அதே காலத்திலேதான் 'சின்ன மேளம்' முடிவுக்கு வந்தது. தேவதாசி முறையை ஒழித்த 1947 ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் முற்போக்கானது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆடலரங்கு வேறு கைகளுக்குச் சென்றபின் அச்சமூகத்துப் பெண்கள் வரலாற்றின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். ஆண் கலைஞன் மேடை ஏறியதையும் பெண் கலைஞர் மேடையிலிருந்து இறங்கியதையும் ஒரே பக்கத்தில் எழுதுவோர் மிகச் சிலரே. இராஜரத்தினத்தின் எதிர்ப்பு அமைப்புசார்ந்த எதிர்ப்பன்று. தனியொருவர் தம் திறமையைப் பேரம்பேசிப் பெற்ற உரிமை, அத்திறமை இல்லாத மேளக்காரனுக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை.

மடத்துடனான அவரது உறவும் முற்றாக அறுந்துவிடவில்லை. 1947 ஆகஸ்ட் 14 மாலையில் திருவாவடுதுறை ஆதீனத்தார் செங்கோலுடன் டெல்லியில் நேருவின் இல்லத்துக்குச் சென்றபோது உடன் ஒலித்தது அவரது நாதஸ்வரம். காலனித்துவம் அகன்ற இரவில், நிலவுடைமை மடத்தின் ஊழியத்தில், தன்னை எவர்க்கும் ஊழியனென ஒப்பாத கலைஞன் வாசித்துச் சென்றான். இதனை முரண்பாடென்று அவர் உணர்ந்திருப்பார் என்று தோன்றவில்லை. அக்காலத்து இந்தியாவே அவ்வாறுதான் இருந்தது.

மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்கு இறுதிவரை அளிக்கப்படவில்லை. 1956 டிசம்பர் 12 இல் சென்னையில் அவர் காலமானபோது கையிற் பொருள் எஞ்சியிருக்கவில்லை. இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்தியவர் நகைச்சுவைக் கலைஞர் என். எஸ். கிருஷ்ணன். சந்தை அளித்ததைச் சந்தையே மீட்டுக்கொண்டது. ஊதாரித்தனம் என்று இதனை முடித்துவிடுவோர் உளர். சேமிப்பு என்பது நாளையைப் பற்றிய நம்பிக்கையின் பாற்பட்டது. மானியத்தில் வளர்ந்து சன்மானத்தில் வாழ்ந்தவனுக்கு அந்த நம்பிக்கை எங்ஙனம் வரும்?

அவருடைய மறைவுக்குப் பின் இச்சமூக முரணை இலக்கியமும் திரையும் தமக்கேற்ப மென்மையாக்கிக்கொண்டன. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' நாவலும், 1968 இல் வெளிவந்த அதன் திரைவடிவமும் நாதஸ்வரக்காரனின் தன்மானத்தையே கருவாகக் கொண்டவை. கதாநாயகன் முன்கோபி, எவர்க்கும் வணங்காதவன். ஆயின் அக்கோபம் காதற்போட்டியாகவும் தொழிற்போட்டியாகவும் உருமாற்றப்பட்டு, திருமணத்தில் தணிந்துவிடுகிறது. கோபத்தின் சமூகவேர் அறுக்கப்பட்டபின் எஞ்சுவது குணச்சித்திரம். படத்தில் ஒலிக்கும் நாயனத்தை வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மக்கள் நினைவில் நின்றதோ நடிகரின் கன்னங்கள்.

ஈழத்து வாசகர் இதனை அயல்நாட்டுச் செய்தியாகக் கொள்ளவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குத் தமிழகத்துக் குழுக்களை வரவழைத்து, உபயகாரர் போட்டியிட்டு நடத்திய மேளச்சமாக்களில், வீதி மணலில் அமர்ந்து விடியும்வரை கேட்ட இரசிகர்கூட்டம் உருவாயிற்று. சபா மண்டபம் இல்லாமலே நாதஸ்வரத்தைக் கச்சேரியாகக் கேட்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. இணுவிலும் அளவெட்டியும் தந்த கலைஞர் இதன் பேறு. அளவெட்டியின் தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933-1975) தமிழகத்துக்கே சென்று அங்குள்ள முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்து வியப்பூட்டினார். ஆயின் அந்த வீதி மணலில் யார் அமரலாம் என்பதையும் சாதியே தீர்மானித்தது. மாவிட்டபுரத்தில் 1968 இல் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர்கள் மேளச்சமாவை எங்கிருந்து கேட்டிருப்பர் என்ற வினாவை நமது இசை வரலாறுகள் இன்னும் எழுப்பவில்லை. வாசிப்பவனின் இருக்கையைப் பற்றி ஆராயும் நாம் கேட்பவனின் இருக்கையையும் ஆராய வேண்டியவர்களாகின்றோம். வாய்மொழிச் சான்றுகளைத் தரக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

நரசிங்கம்பேட்டையில் ஆசாரிமார் சில குடும்பத்தினர் இன்றும் நாயனம் கடைந்து வருகின்றனர். அவர்தம் வாத்தியத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பச்சை மரம் அதற்கு உதவாது. பல தசாப்தங்கள் உலர்ந்து இறுகிய ஆச்சா வேண்டும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண்களையும் உத்திரங்களையும் விலைக்கு வாங்கியே அவர்கள் கடைகின்றனர்.